பத்மினியும் அனாமத்துக் கணக்கும்

ஆயுத பூஜை அன்றைக்குக் கார் டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டி நகரும். பழம் 'ப்ளக்' என்று நசுங்கும். திருஷ்டி கழிந்துவிடும். இதுதான் ஊர் உலக வழக்கம்.

எங்கள் வீட்டில் வேறு மாதிரி. நாலு டயருக்கும் நாலு பழம் வைப்பார் அப்பா. சூடம் காட்டுவார். பானெட்டில் சந்தனம், குங்குமம் வைப்பார். அதோடு சரி. மறுநாள் காலையில் அம்மா போய் நாலு பழத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்து கழுவி ஊறுகாய் போட்டுவிடுவாள். கார் நகர்ந்தால்தானே பழம் நசுங்கும்? 2011-ல் நின்ற கார். 2024 வரை பதினாலு ஆயுத பூஜை. நாலு பதினாலு ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு பழங்கள் எங்கள் காரை ஜெயித்துவிட்டு ஜாடிக்குள் போயிருக்கின்றன!

கார், பிரீமியர் பத்மினி. 1983 மாடல். 'பத்மினி' என்று 1974-லேயே பெயர் மாற்றியாகிவிட்டது என்றாலும், எங்கள் ஊரில் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசிவரை 'பியட்டு'தான். அப்பா மட்டும் 'பத்மினி' என்பார். நாட்டியப் பேரொளியின் ரசிகர். வேறு யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அப்பா சொன்னால் மட்டும் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். அப்பா ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். 1994-ல் ஒரு டாக்டரிடமிருந்து அறுபதாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். முன்னால் நீளமாக ஒரே ஸீட். அப்பா, அம்மா, நடுவில் நான். அப்பா இரண்டாவது கியர் போட்டால் என் மூக்குக்கு முன்னால் கை வரும். நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வேன். இன்றைக்கும் யாராவது கையை நீட்டினால் எனக்குத் தலை தானாகப் பின்னால் போகிறது.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். எந்த ஆபீஸிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஊரில் இதற்கு "பையன் மெட்ராஸ்ல சும்மாத்தான் இருக்கான்" என்று பெயர். பி.காம். படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்றே ஒன்று. பணம் எங்கே போச்சு என்று மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போவதென்னவோ நிற்கவில்லை.

போன வேனிலில், அதாவது 2025 மே மாதம், ஊருக்குப் போனேன். ஒரு தீர்மானத்தோடுதான் போனேன். கார் ஷெட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம் என்று. பழைய இரும்புக்காரர் ஒருத்தரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். கதவைத் தட்டினார். பம்பரைத் தட்டினார்.

"இருபத்து நாலாயிரம் தர்றேன் தம்பி. அந்தக் காலத்துத் தகரம், கனமா இருக்கு."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அறுபதாயிரம் ரூபாய் சொத்து. வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் தேய்மானம். குறைந்து செல் மதிப்பு முறையில் முப்பத்தோரு வருஷம் தேய்த்தால் மிச்சம் சுமார் முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்! முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் சொத்தை இருபத்து நாலாயிரத்துக்கு விற்பவன் புத்திசாலியா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயசு எழுபத்திரண்டு.

"என்னப்பா, குடுத்துடலாமா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் கையில் சாவியைக் கொடுத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து, வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்த சாவி.

"குடுத்துடு" என்றார். மறுபடியும் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பேப்பர் தலைகீழாக இருந்தது.

பழைய இரும்புக்காரர் நல்ல மனுஷர். என்னைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். "நான் இன்னொரு நாள் வர்றேன் தம்பி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

2011, வைகாசி முகூர்த்தம். மன்னார்குடியில் ஒரு கல்யாணம். அப்பாவும் அம்மாவும் காரில் கிளம்பினார்கள். வழியில் ஒரு திருப்பம். திரும்பினால் எதிரே டவுன் பஸ் நிற்கிறது. ஜனங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கார் நிற்கவில்லை. அப்பா சட்டென்று இடது பக்கம் ஒடித்து, வரப்பைத் தாண்டி, தரிசாகக் கிடந்த வயலுக்குள் இறக்கிவிட்டார். யார் மேலும் படவில்லை. அம்மாவுக்கு மட்டும் இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். புத்தூர்க் கட்டு போட்டு ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. காரை டிராக்டர் கட்டி இழுத்துவந்து ஷெட்டில் தள்ளினார்கள்.

"பிரேக் பிடிக்கலை" என்றார் அப்பா.

யாரும் நம்பவில்லை. "வயசாச்சுல்ல, பிரேக்குன்னு நெனைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருப்பாரு" என்றார் சித்தப்பா. டீக்கடையில் இன்னும் விரிவாகச் சொன்னார்கள். வயலில் கார் ஓட்டிய வாத்தியார் என்று ஸ்கூல் பையன்கள் பேர் வைத்தார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. நானும் சொன்னேன்: "விடுங்கப்பா, காலை மாத்தி வெச்சிருப்பீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். நிஜமாகவே ஆறுதலாகத்தான்.

முதல் மாசம் நாலைந்து தடவை "பிரேக் பிடிக்கலைடா" என்று சொன்னார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். கார் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், "கார்புரேட்டர் ரிப்பேர்" என்பார். அதற்கப்புறம் அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. ஸ்கூட்டர்கூட. பஸ்தான்.

சாவியை வைத்துக்கொண்டு ராத்திரி பூரா புரண்டேன். காலையில் கும்பகோணம் போய் மெக்கானிக் பாயைக் கூட்டிவந்தேன்.

பாய்க்கு அறுபத்தைந்து வயசிருக்கும். பியட், அம்பாஸடர் காலத்து ஆள். பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஏர் ஃபில்டர் மேல் ஓர் எலிக் குடும்பம் சௌகரியமாக வாழ்ந்திருந்ததற்கான அடையாளங்கள். வயரெல்லாம் அவர்களுக்கு ஆகாரமாகப் போயிருந்தது.

நான் ஆர்வத்தில், "பாய், புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாமா?" என்றேன்.

பாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பதினாலு வருஷம் கோமாவில் இருந்தவரை எழுப்பி உட்காரவைத்து, உடனே பிரியாணி கொடுக்கலாமா என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை.

"தம்பி, நின்ன வண்டியைக் கெடுக்கிறதே இந்த அவசரம்தான். உள்ளே பிஸ்டன் ரிங்கெல்லாம் சிலிண்டரோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கும். அப்படியே செல்ஃப் போட்டீங்கன்னா ரிங் உடையும், போர் கீறும். மொதல்ல எண்ணெய் காட்டணும்."

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டார். "மூணு நாள் ஊறட்டும்" என்று கிளம்பிவிட்டார். அம்மா இட்லிக்கு அரிசி ஊறப்போடுவது போலத்தான். நாலாம் நாள் வந்து, பிளக் இல்லாமலேயே என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முதலில் அசையவில்லை. அப்புறம் 'க்ர்ர்ர்' என்று கால் சுற்று. அப்புறம் அரைச் சுற்று. அப்புறம் முழுச் சுற்று. ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பா எதுவும் பேசாமல் உள்ளே போய், பாய்க்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்தது பெட்ரோல் டாங்க். திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் நாற்றம். பெட்ரோலும் ரசம் மாதிரிதான் சார், நாளானால் கெட்டுப்போகும். லேசான பகுதியெல்லாம் ஆவியாகப் போய்விட, மிச்சம் பிசினாக ஒட்டிக்கொள்கிறது. டாங்க்கை இறக்கி, உள்ளே சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கினார்கள். உள்ளே இருந்த துருவெல்லாம் காபித்தூள் மாதிரி கொட்டியது. குலுக்கியது யார் என்கிறீர்கள்? பாயின் அசிஸ்டெண்ட் பையனும் நானும்தான். மறுநாள் எனக்குத் தோள்பட்டை தூக்க முடியவில்லை.

கார்புரேட்டரைப் பிரித்து ஜெட் ஓட்டைகளை ஊதிச் சுத்தம் செய்தார் பாய். பெட்ரோல் ட்யூப், பம்ப்புக்குள் இருக்கிற டயஃப்ரம், எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். "இப்ப வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. உப்பிப்போயிடும், இல்லைன்னா வெடிச்சு ஒழுகும். ஒழுகினா நெருப்பு. எத்தனால் தாங்குற ட்யூபா பார்த்து வாங்குங்க."

இனிமேல் சாமான் வேட்டை. கம்பெனி இந்தக் காரைச் செய்வதை நிறுத்தி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. மும்பையிலேயே 2023 அக்டோபர் 30-ம் தேதியோடு பத்மினி டாக்ஸிகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். நான் மெட்ராஸ் வந்து புதுப்பேட்டை சந்துகளில் இரண்டு நாள் அலைந்தேன். புதுப்பேட்டையில் கடைக்காரரிடம் பொருளின் பெயர் சொன்னால் போதாது. கையில் பழைய உருப்படி இருக்க வேண்டும். நான் ஒரு வீல் சிலிண்டரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பெண்ணுக்கு வரன் தேடுகிறவன் மாதிரி கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பியட்டா?" என்று கேட்டார். கேட்ட குரலிலேயே அவரும் ஒரு காலத்தில் வைத்திருந்தவர் என்று தெரிந்தது. பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

ஊரில் இருந்து என் மனைவி போன் செய்தாள். குழந்தையோடு அவளும் லீவுக்கு அங்கேதான் இருந்தாள்.

"என்னங்க, இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?"

"இதெல்லாம் செலவு இல்லை. பழைய சொத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர ஆகிறது மூலதனச் செலவு. அதைச் சொத்தோட சேர்த்துக்கணும்."

"அப்ப நான் கேட்ட வாஷிங் மெஷின்?"

"அது... வேற தலைப்பு."

போனை வைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு புதன்கிழமை. பாய் காருக்கு அடியில் படுத்திருந்தார். பிரேக் வேலை. அப்பா டீ சொல்லப் போயிருந்தார். கீழே இருந்து குரல் வந்தது.

"தம்பி, இங்க வாங்க. செல்லுல லைட் போடுங்க."

நானும் மல்லாந்து உள்ளே போனேன்.

"இது பின் சக்கரத்துக்குப் போற பிரேக் பைப். பார்த்தீங்களா, இந்த இடத்துல ஒரு கிளிப் இருக்கணும். இல்லை. எப்பவோ விழுந்திருக்கு. கிளிப் இல்லாம பைப் தொங்கி, வண்டி ஓட ஓட பாடியோட உரசியிருக்கு. இதோ."

விரலை வைத்துக் காட்டினார். பைப்பின் ஒரு பக்கம் அரம் வைத்து ராவின மாதிரி சப்பையாகத் தேய்ந்திருந்தது. நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை.

"சாதாரணமா மிதிக்கிறப்போ தாங்கியிருக்கும். அவசரத்துல ஒரே மிதியா அழுத்தி மிதிச்சா அந்த பிரஷர்ல பிச்சுக்கும். ஆயிலெல்லாம் பீய்ச்சி அடிச்சிருக்கு பாருங்க. பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னுடும். இந்த இடத்துல மட்டும் பெயிண்ட்டே இல்லை. இப்ப வர்ற காருக்கு ரெண்டு லைன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். இதுல நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஓர் இடத்துல போனா மொத்தமும் போச்சு. பெடல் அப்படியே தரைக்குப் போயிடும்."

எனக்குத் தொண்டை வறண்டது. "பாய்... பதினாலு வருஷம் சும்மா நின்னதுல வந்த ஓட்டையா இருக்காதா?"

பாய் சிரித்தார்.

"ரப்பரா இருந்தா நீங்க சொல்றது சரி. இது இரும்பு. துரு தின்னா சொறி பிடிச்ச மாதிரி இருக்கும். இது தேய்மானம். நின்ன வண்டி எங்க தம்பி உரசும்? ஓடுற வண்டிதான் உரசும்."

தேய்மானம்! பி.காமில் மூன்று வருஷம் படித்த வார்த்தை. அதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது புரிந்தது.

எங்கள் படிப்பில் ஒரு சங்கதி உண்டு. வரவும் பற்றும் சமமாகவில்லை, தவறு எங்கே என்றும் தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பில் தூக்கி வைத்துவிடுவோம். தவறு கண்டுபிடிக்கிறவரை அது அங்கேயே கிடக்கும். கண்டுபிடித்ததும் திருத்தப் பதிவு போட்டு, அனாமத்துக் கணக்கை முடித்துவிட வேண்டும். அது சட்டம்.

என் அப்பாவைப் பதினாலு வருஷம் அனாமத்துக் கணக்கில் வைத்திருக்கிறோம். ஊர், சித்தப்பா, அம்மா, நான், எல்லோருமாகச் சேர்ந்து. அதிலும் மோசம், தவறைத் தேடவே இல்லை. ஒரு தடவையாவது ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு காருக்கு அடியில் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடை சரி என்றார். நாங்கள் வழியைப் பார்க்காமலேயே முட்டை போட்டுவிட்டோம்.

பைப்பில் அந்த இடத்தை மட்டும் வெட்டித் தரச் சொன்னேன். அரை சாண் துண்டு. அப்பா டீ தூக்கோடு வந்தார். நான் காருக்கு அடியில் இருந்து வெளியே வந்து, சட்டையெல்லாம் கிரீஸாக அவர் முன்னால் நின்றேன். பாய் சொன்னதையெல்லாம் சொன்னேன். பத்திரிகைக்கு வாரா வாரம் ஆயிரம் வார்த்தை எழுதுகிறவன். அன்றைக்கு வாக்கியம் ஒன்றும் சரியாக முடியவில்லை.

"பிரேக் பிடிக்கலைதான்பா. நீங்க கரெக்டாத்தான் மிதிச்சிருக்கீங்க. நான்தான்... அன்னிக்கு..."

அப்பா துண்டை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பைப்பை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஓட்டை வழியாக ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவ்வளவு சின்ன ஓட்டையில் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அப்புறம், "டீ ஆறுது, குடி" என்றார்.

துண்டைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து பீரோவில் ஏதோ தேடும்போது பார்த்தேன். நிலப் பத்திரத்தோடு அதுவும் லாக்கரில் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்குக் கூட ஒரு கரண்டி நெய் விழுந்தது.

ஜூன் கடைசியில் ஸ்டார்ட் செய்கிற நாள் வந்தது. பாய் டாங்க்கை நம்பவில்லை. முதல் தடவைக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, பானெட்டில் கட்டித் தொங்கவிட்டு, ட்யூபை நேராக கார்புரேட்டருக்குக் கொடுத்தார். சாட்சாத் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றுவது போல. ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. சித்தப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சாவியைத் திருப்பினேன். 'க்யூங்... க்யூங்... க்யூங்...' ஒன்றும் இல்லை. பாய் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டை எமரித் தாளால் ஒரு தேய் தேய்த்தார். மறுபடி. 'க்யூங்... க்யூங்... டப்!' ஒரு வெடி. சித்தப்பா நாற்காலியோடு பின்னால் போனார். மூன்றாவது தடவை 'டப்... டப்... டப்டப்டப்டப்...' பிடித்துக்கொண்டது! ஊறவைத்த ஆயில் பூரா எரிந்து வெள்ளைப் புகை. தெருமுனையில் இருந்து ஒரு பாட்டி, பஞ்சாயத்தில் இருந்து கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டாளாம்.

சித்தப்பாவிடம் போய் பைப் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பவே எனக்கு ஒரு டவுட்டு இருந்துச்சு" என்றார். சித்தப்பாக்களை நாம் ஒன்றும் செய்ய முடியாது.

கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாய் பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கியரில் ஸ்டார்ட் செய்து, கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து ஒரு வெட்டு வெட்டிப் பிரித்துவிட்டார். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பாய்க்கே வேர்த்துவிட்டது.

மொத்தக் கணக்கு இதோ. பேட்டரி 4,500. டாங்க், ட்யூப் 1,800. கார்புரேட்டர் 1,600. பிரேக் சமாசாரம் முழுக்கப் புதுசு, 8,700. டயர், ட்யூப் நாலு ஜோடி 12,000. (பழைய டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி வெடித்தது.) பிளக், பாயிண்ட், கண்டென்ஸர், ஆயில் வகையறா 2,900. வயரிங் 6,000. கூலி 12,000. ஆக, 49,500. இதில் ஆர்.சி. சேர்க்கவில்லை. சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது 2013-லேயே முடிந்துவிட்டது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் இருந்து கட்டணமே பத்தாயிரம். தாமதத்துக்கு வேறு தனி. அந்தத் தொகையைப் பற்றி என் மனைவியிடம் யாரும் மூச்சு விட வேண்டாம்.

ஆர்.சி. கையில் வருகிறவரை ரோட்டில் இறக்கக் கூடாது. பரவாயில்லை. ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் தென்னந்தோப்பு. அதற்குள் மாட்டு வண்டிப் பாதை. யாரும் கேட்க முடியாது.

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த என் பையன், டாஷ்போர்டு பெட்டிக்குள் இருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ஓரம் எலி கடித்த கல்யாணப் பத்திரிகை. அன்றைக்கு அவர்கள் போய்ச் சேராத மன்னார்குடிக் கல்யாணம். அந்தத் தம்பதிக்கு இப்போது ஏழாங்கிளாஸில் ஒரு பையன் இருக்கிறான். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். "மொய் எழுதவே இல்லை" என்றாள்.

பாய் வந்திருந்தார். வடை, சுண்டல் ஆனது. அப்பா சந்தனம் வைத்தார். சூடம் காட்டினார். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

நான் சாவியை அவரிடம் நீட்டினேன்.

"நீயே எடு" என்றார்.

"உங்க வண்டிப்பா."

வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தார். பிரேக்கை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. இன்னொரு மிதி. இன்னொன்று. ஏழெட்டுத் தடவை மிதித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். நேராக இடது பக்கக் கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்தாள். பதினாலு வருஷமாக அந்த ஷெட் பக்கமே எலுமிச்சம்பழம் பொறுக்க மட்டும் போனவள்.

"பார்த்துக்கிட்டே இருந்தா? எடுங்க" என்றாள்.

ஸ்டார்ட் ஆனது. கை மேலே போய் கியர் விழுந்தது. நாலு பழமும் ஒன்றாக... ப்ளக்!

தோப்புக்குள் இருநூறு கெஜம் போயிருக்கும். பம்ப்செட் அறைக்கு முன்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. கார் நின்றது. சுத்தமாக, தென்னை மரத்துக்கு மூன்று அடி முன்னால்.

நாங்கள் ஓடினோம். அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. தென்னை மரத்தைப் பார்த்து, "பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது" என்றாள்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புகை" என்றார்.

புகையெல்லாம் ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டது. நான் சொல்லவில்லை.

அன்று ராத்திரி என் கணக்கு நோட்டை எடுத்தேன். குறைந்து செல் மதிப்பு முறையில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருஷம் தேய்த்தாலும் மதிப்பு குறையுமே தவிர, பூஜ்யத்துக்குப் போகாது. ஏதோ ஒரு துளி மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். பரீட்சையில் இதை அந்த முறையின் 'குறை' என்று எழுதினோம். மார்க்கும் கொடுத்தார்கள்.

அனாமத்துக் கணக்கை முடித்துக் கோடு போட்டேன்.

ஒரே ஒரு பிரச்னை பாக்கி. மறுநாள் காலையில் அம்மா கூப்பிட்டாள். ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைப் பழத்துலதான் ஊறுகாய் போடுவேன். இந்த வருஷம் நாலும் போச்சு. போய் அரை கிலோ எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா!"

அதையும் மூலதனச் செலவில் சேர்த்துவிட்டேன்.